சுமைதாங்கிக் கல்லுக்கு ஆசை உண்டா?

புதுப்படம் வெளியாகும் வாரத்தில் நாயகி கொடுக்கும் பேட்டியைப் பாருங்கள். "இதுல எனக்கு ரொம்ப போல்டான கேரக்டர்" என்று சொல்லாமல் பேட்டி முடியாது. படத்துக்குப் போனால் அந்த போல்டு இன்னதென்று தெரிந்துவிடும். புல்லட் ஓட்டுவார், கிண்டல் செய்தவனைக் கன்னத்தில் அறைவார், நாயகனை முதல் இருபது நிமிடம் 'வாடா போடா' என்பார். இடைவேளைக்குள் காதல் வரும். அதற்குப் பிறகு புல்லட்டை நாயகன் ஓட்ட, இவர் பின்னால் உட்கார்ந்து காற்றில் முடியைப் பறக்கவிடுவார். படத்தின் மிச்சக் கதையில் இவருக்கு வேலை இல்லை. வில்லன் கடத்துவதற்கு ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இதை வைத்து, தமிழில் வலுவான பெண் பாத்திரங்களே இல்லை என்று புலம்புவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்தப் புலம்பலில் உடன்பாடு இல்லை. மதுரையை எரித்தவளைக் காப்பியத் தலைவியாக வைத்துக்கொண்டிருக்கிற மொழி இது. பாத்திரங்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களை அளக்க நாம் கையில் வைத்திருக்கும் படிதான் கோணல்.

தமிழின் முதல் நாவலையே எடுத்துக்கொள்வோம். 1879-இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' பெயரில்தான் பிரதாப முதலியின் கதை. அதில் புத்தியும் துணிவும் ஞானாம்பாளுக்குத்தான். இவன் அசட்டுத்தனம் செய்து மாட்டிக்கொள்வான், அவள் மீட்பாள். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை, பெண்கள் படிக்க வேண்டும் என்று வாதாடியவர், அந்த வாதத்துக்கு உயிருள்ள சாட்சியாகவே அவளை எழுதியிருக்கிறார். கணவனைப் பிரிந்து அலையும் ஞானாம்பாள் ஆண் வேடம் போட்டுக்கொள்கிறாள், விக்கிரமபுரி என்ற ஊரில் ராஜாவாகவும் ஆகிறாள். நன்றாகவே ஆள்கிறாள். பிறகு ஆட்சியை ஒப்படைத்துவிட்டுக் கணவனோடு வீடு திரும்புகிறாள். நாடாளத் தெரிந்தவள், ஆனால் வேட்டியும் தலைப்பாகையும் இருக்கும்வரைதான்.

அந்த ஆண் வேடம் நூறு வருடம் கழித்துக் காக்கிச் சட்டையாக வந்தது. 1990-இல் விஜயசாந்தி நடித்த 'கர்த்தவ்யம்' என்ற தெலுங்குப் படம் 'வைஜயந்தி ஐ.பி.எஸ்.' என்று தமிழ் பேசி இங்கேயும் ஓடியது. அந்தச் சட்டையைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஒரு பெண் உத்தரவு போட, ஆண்கள் விறைத்து நின்று சல்யூட் அடிப்பதைத் திரையில் பார்ப்பதற்கு ஒரு பலன் உண்டு. தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பள்ளிக்கூடப் பெண்ணுக்கு அது என்ன கொடுத்தது என்பதை விமர்சகர்களால் அளந்துவிட முடியாது. ஆனால் 1992-இல் அதே விஜயசாந்தி 'மன்னன்' படத்தில் ஆலை முதலாளியாக வந்தார். தன் ஆலையில் வேலை பார்க்கும் ரஜினிகாந்தை மடக்குவதற்காகவே அவரைக் கல்யாணம் செய்துகொள்வார். கடைசியில் நிர்வாகத்தை விட்டுவிட்டு இல்லத்தரசியாவார். அரங்கம் கைதட்டும். 'பட்டிக்காடா பட்டணமா' காலத்திலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிற அடக்கும் கதைதான். இப்படிப்பட்ட கதைக்கு வலுவான பெண் கட்டாயம் தேவை. பலவீனமானவளை அடக்கினால் நாயகனுக்கு அதில் என்ன பெருமை?

ஆகவே ஒரு பெண் பாத்திரத்தின் பலத்தை அவளுடைய அறிமுகக் காட்சியை வைத்து எடைபோடுவதை நான் விட்டுவிட்டேன். கடைசி ரீலில் கதை அவளை என்ன செய்கிறது என்று பார்ப்பேன். கூடவே இன்னொன்றையும்: படம் முழுக்கத் தேடினாலும் அவளுக்கென்று என்ன வேண்டும் என்பது எங்காவது தட்டுப்படுகிறதா?

இந்த இரண்டு கேள்விக்கும் சிக்கலான பதில் தருகிற படம் கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974). சுஜாதா நடித்த கவிதா வேலைக்குப் போகிறாள். அப்பா குடும்பத்தைக் கைவிட்டுப் போனவர், அண்ணன் குடிகாரன், தங்கை விதவை, தம்பிக்குக் கண் தெரியாது. சம்பளக் கவர் ஒன்றுதான். அந்தப் படத்தில் இன்றும் வியக்க வைப்பது கவிதாவின் கோபம். தியாகம் செய்கிற பெண் சிரித்த முகத்தோடு செய்ய வேண்டும் என்ற எழுதாத சட்டத்தை அவள் உடைக்கிறாள். சோறு போடுகிறவள் என்ற உரிமையில் கத்துகிறாள், குத்திக் காட்டுகிறாள், கணக்குக் கேட்கிறாள். சென்னையின் அலுவலகங்களுக்கு பஸ் பிடித்துப் போய்க்கொண்டிருந்த ஒரு தலைமுறைப் பெண்கள் தங்கள் சிடுசிடுப்பை முதன்முதலாகத் திரையில் பார்த்தார்கள்.

கடைசி ரீலுக்கு வருவோம். அவளுக்கே கல்யாணம் கூடி வருகிற நாளில் வீட்டில் ஒரு சாவு விழுகிறது. கவிதா தன் மாப்பிள்ளையை இன்னொரு தங்கைக்குக் கட்டிவைத்துவிட்டு மறுபடியும் வேலைக்குக் கிளம்புகிறாள். தலைப்பே சொல்லிவிடுகிறதே, தொடர்கதை என்று. இந்தக் கதைக்குத் தூண்டுதல் என்று சொல்லப்படுவது ரித்விக் கட்டக்கின் வங்காளப் படமான 'மேகே டாக்கா தாரா' (1960). அதில் நீதாவும் இப்படித்தான் குடும்பத்துக்காகத் தேய்கிறாள். ஆனால் காசநோயோடு மலைவாசச் சிகிச்சை விடுதியில் கிடக்கும்போது, தான் வாழ விரும்பியதாக அண்ணனிடம் கதறிவிடுகிறாள். மலையெல்லாம் அது எதிரொலிக்கிறது. கட்டக் அவளைக் காப்பாற்றவில்லை. ஆனால் அவளுக்கு ஓர் ஆசை இருந்தது என்பதை நம் காதில் அறைந்து சொல்லிவிட்டுத்தான் படத்தை முடிக்கிறார். தமிழில் அந்தக் கதறல் காணாமல் போய், கவிதாவின் முகத்தில் ஒரு கம்பீரம் வந்து உட்கார்ந்துகொண்டது. பலருக்கு அது உயர்வாகத் தெரிந்தது. எனக்கு அந்த இடத்தில்தான் படம் நழுவுகிறது.

நம் ஊர்ச் சாலை ஓரங்களில் பழைய சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒன்றைக் கிடத்தி வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நடப்பவர்கள் இறக்கிவைத்து இளைப்பாறுவதற்கு. பிள்ளையை வயிற்றில் சுமந்தபடி செத்துப்போன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். செத்த பிறகும் அவள் பெயரில் சுமைதான். தமிழ்க் கதைகள் பெண்ணுக்குக் கட்டும் கோயிலும் பெரும்பாலும் இந்த வடிவம்தான். 'மனதில் உறுதி வேண்டும்' (1987) படத்தின் நர்ஸ் நந்தினி, பிரிந்துபோன கணவனுக்குச் சிறுநீரகம் தருகிறாள். 'சிந்து பைரவி'யின் (1985) சிந்து தன் குழந்தையையே பைரவியிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். தொலைக்காட்சித் தொடர்கள் இதை ஆயிரத்துச் சொச்சம் நாளுக்கு நீட்டின. 'கோலங்கள்' அபி ஆறு வருடம் தாங்கினாள். (ஸ்ரீதரின் 'சுமைதாங்கி'யில் சுமக்கிறவர் ஜெமினி கணேசன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஆணுக்கு அது ஒரு கதை. பெண்ணுக்கு அது ஏறத்தாழ இலக்கணம்.)

தாங்குவது பலம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நம் வீடுகள் அந்தப் பலத்தில்தான் நிற்கின்றன. ஆனால் அதை மட்டுமே பலம் என்று கொண்டாடும் கதை, சுமையை யார் ஏற்றினார்கள் என்ற கேள்வியைச் சாமர்த்தியமாகத் தாண்டிப் போய்விடுகிறது.

அப்படியென்றால் ஆசைப்படுகிற பெண்ணைத் தமிழ் சினிமா எழுதவே இல்லையா? எழுதியது. வில்லியாக்கியது. 'படையப்பா' (1999) நீலாம்பரிக்கு அடுத்து அவ்வளவு வேட்கையோடு ஒரு பெண் நம் வெகுஜன சினிமாவில் வந்திருக்கிறாளா? அவளுக்கு ஒன்று வேண்டும், அதை வாய்விட்டுக் கேட்கிறாள், கிடைக்கவில்லை என்றதும் 18 வருடம் ஓர் அறையில் தன்னைப் பூட்டிக்கொள்கிறாள், தோற்றபோதும் நாயகன் போடும் உயிர்ப்பிச்சையை மறுத்துச் சாகிறாள். 'பொன்னியின் செல்வன்' நந்தினியின் சாயல் என்று சொல்வார்கள், பொருத்தம்தான். படம் அவள் பக்கம் இல்லை. பெண் எப்படி இருக்க வேண்டும் என்று நாயகன் அவளுக்கே பாடம் எடுக்கிறார், அதற்கும் விசில் பறந்தது. நல்லவளான வசுந்தராவுக்குத் தலைகுனிந்து நிற்பதைத் தவிரப் பெரிதாக வேலை இல்லை. ஆனால் கால் நூற்றாண்டு கழித்து யாருடைய பெயர் நிற்கிறது? ரஜினிக்கு எதிரில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த ரம்யா கிருஷ்ணனின் அந்தத் தோரணையைப் பெண்கள் ரகசியமாக ரசித்தார்கள் என்பது என் சந்தேகம். படத்தின் தீர்ப்பை ஏற்காமல், படம் கொடுத்த உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

நீலாம்பரியிலும் ஓட்டை உண்டு. அத்தனை பணம், அத்தனை மூளை, அத்தனை பிடிவாதம், எல்லாம் ஒரே ஓர் ஆணைச் சுற்றி. அந்த 18 வருடத்தில் அவள் ஒரு கம்பெனி நடத்தியிருக்கலாம். எழுதியவர்களுக்கு அது தோன்றவில்லை.

ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' (1978) இந்த விஷயத்தில் தனி. ஸ்ரீப்ரியா நடித்த மஞ்சு விளம்பர நிறுவனத்தில் வேலை செய்கிறவள். கமல்ஹாசனின் அருண் பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்தவன், முற்போக்கானவன், மென்மையானவன். ரஜினிகாந்தின் தியாகு பச்சையான ஆணாதிக்கவாதி. படத்தின் கூர்மை தியாகுவைத் திட்டுவதில் இல்லை, அது சுலபம். பெண்ணைப் புரிந்துகொள்ளக் கேமராவோடு வந்த நல்லவன் கடைசியில் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறான். பெண் விடுதலை பற்றி மஞ்சு கேட்க, தனக்கு அதெல்லாம் தெரியாது என்கிறாள் அந்தப் புது மனைவி. மஞ்சுவைத் தெருவில் இறக்கிவிட்டு கார் போய்விடுகிறது. 1978 தீபாவளிக்குக் கறுப்பு வெள்ளையில் வந்த படம் இந்த அளவுக்குத் தன்னைப் போன்ற ஆண்களையே சந்தேகப்பட்டது இன்றும் ஆச்சரியம்.

இருந்தும் அதிலேயே ஒரு நோய் தொடங்கிவிட்டது. மஞ்சு ஏன் இப்படி என்பதற்குப் படம் காரணம் அடுக்குகிறது: அம்மாவின் நடத்தை, சின்ன வயதில் நடந்த அத்துமீறல், ஏமாற்றிய காதல்கள். அதற்குப் பிறகு இது கதை விவாத அறைகளில் சூத்திரமாகவே ஆகிவிட்டது. பெண் சத்தமாகப் பேசினால் அவளுக்கு ஒரு ஃபிளாஷ்பேக் வேண்டும், அதில் ஒரு காயம் வேண்டும். நாயகனுக்கும் ஃபிளாஷ்பேக் உண்டு, ஆனால் அப்பாவைக் கொன்றவனைத் தேடிப் போக அது அவனுக்கு ஒரு வேலையைக் கொடுக்கும். அவளுக்கோ அது ஒரு வியாதியைக் கொடுக்கிறது. காயம் எதுவும் படாமலே ஒருத்தி கறாராகப் பேசக் கூடாதா? எனக்குத் தெரிந்த பெரியம்மாக்கள் பலருக்கு எந்த ஃபிளாஷ்பேக்கும் கிடையாது.

அதே 1978-இல் வந்த மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' படத்தில் படாபட் ஜெயலட்சுமி நடித்த மங்காவுக்கும் கிடையாது. அவளுக்குச் சாப்பாடு பிடிக்கும். கல்யாணமான ராத்திரியில் காதல் பாட்டுக்குப் பதில் சோறும் குழம்பும் பற்றிப் பாடுகிறாள். பெண்ணின் பசியை இரக்கத்துக்கு உரியதாக இல்லாமல் கொண்டாட்டமாகக் காட்டிய இடம் தமிழ்த் திரையில் அபூர்வம். அவளை யாரும் வலுவான பாத்திரம் என்று பட்டியல் போடுவதில்லை. போட வேண்டும்.

என் பட்டியலில் எல்லோருக்கும் மேலே இருப்பவள் பாலுமகேந்திராவின் 'வீடு' (1988) சுதா. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த வேடம். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். தாத்தா, தங்கையோடு இருக்கும் சுதா சொந்தமாக ஒரு வீடு கட்ட முடிவு செய்கிறாள். படம் முழுக்க அவ்வளவுதான். மனை, கடன், பிளான் அப்ரூவல், சிமெண்ட், ஜல்லி, ஏமாற்றும் கான்ட்ராக்டர். அவளுக்கு என்ன வேண்டும் என்பதை முதல் சில நிமிடங்களிலேயே நாம் தெரிந்துகொள்கிறோம். அதற்குப் பிறகு அவள் யாரையும் அறைவதில்லை, வசனம் பேசுவதில்லை. கணக்குப் பார்க்கிறாள், அலைகிறாள், தப்பான ஆளை நம்புகிறாள், திருத்திக்கொள்கிறாள். சிமெண்ட் திருட்டைக் காட்டிக்கொடுப்பவள் சித்தாள் மங்கம்மா. 'பசி' சத்யா நடித்தது. இரண்டு பெண்களும் தோழமை பற்றிப் பேசுவதே இல்லை, வேலை பார்க்கிறார்கள். கடைசியில் அந்த மனை ஏற்கெனவே தாங்கள் கையகப்படுத்திய நிலம் என்று மெட்ரோ வாட்டர் வந்து நிற்கிறது. சுதா தோற்கிறாளா இல்லையா என்பதுகூடத் தெரியாமல், வழக்குப் போட்டுக் காத்திருப்பதோடு படம் நின்றுவிடுகிறது. அவளை உடைத்தது ஒரு வில்லன் இல்லை, ஓர் அலுவலகக் கோப்பு. தியாகமும் இல்லாமல் சீற்றமும் இல்லாமல் பலத்தை எழுத முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம்மிடம் இல்லை. ஆனால் அந்த வழியில் அதிகம் பேர் நடக்கவில்லை. சிமெண்ட் மூட்டைக்கு விசில் அடிக்க ஆள் வருமா?

எழுத்தில் நிலைமை இதைவிட மேல். நாவலுக்குத் தரை டிக்கெட்டைச் சமாதானப்படுத்தும் கட்டாயம் இல்லை. 1966-இல் வந்த தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' நாவலில் அலங்காரத்தம்மாள் கணவன் இருக்கும்போதே இன்னொருவரோடு உறவு வைத்திருப்பவள். ஜானகிராமன் அவளைப் பரிதாபத்துக்குரியவளாக்கவில்லை, பிரகடனம் செய்யவும் விடவில்லை. மகனை வேதபாடசாலைக்கு அனுப்பித் தன் பாவத்துக்கு ஈடு தேடுகிறாள், அது நடக்காது என்று தெரிந்ததும் காசிக்குக் கிளம்பிவிடுகிறாள். தவறும் அவளுடையது, தண்டனையும் அவளே விதித்துக்கொண்டது. அதே ஜானகிராமன் 'மரப்பசு' அம்மணியை எழுதும்போது கை தடுமாறியது. அலங்காரத்தை அவர் எட்ட நின்று பார்த்தார். அம்மணியின் வாய்வழியாகவே சுதந்திரத்தைப் பேச முயன்றார். எல்லோரையும் தொட விரும்பும் அந்தப் பெண்ணின் பேச்சில் பல இடங்களில் ஓர் ஆணின் கனவு கேட்கிறது. அவளும் கடைசியில் ஓய்ந்து பட்டாபியிடம்தான் வந்து சேர்கிறாள். நாவலுக்கும் கடைசி ரீல் உண்டு.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) ஆரோக்கியம் நம் அளவுகோல்கள் எதற்கும் பிடிபடாதவள். தலித் குடிகளுக்குத் துணி வெளுக்கும் வண்ணாத்தி. ஒடுக்கப்பட்டவர்களுக்கும் கீழே நிறுத்தப்பட்டவள். ராத்திரியில் வாசல் வாசலாகச் சோறு கேட்கிறாள், களத்துமேட்டில் தன் பங்கு தானியத்துக்கு மன்றாடுகிறாள், சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கிறாள், தன்னை மிதிக்கும் ஊரையே சாமியாகக் கும்பிடுகிறாள். விடுதலை பேசும் வாசகருக்கு அவள்மேல் எரிச்சல்கூட வரும். ஆனால் பேரத்திலும் புலம்பலிலும் அவள் மொழிக்கு இருக்கிற வேகத்தைப் பாருங்கள். எழுத்தாளர் தன் கருத்தை அவள் வாயில் ஊட்டவில்லை. அவளுக்கு எது தெரியுமோ அதை வைத்தே அவள் போராடுகிறாள்.

அம்பை வேறு மாதிரி. 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையில் அடிதடி இல்லை, கதறல் இல்லை. ராஜஸ்தான் கூட்டுக் குடும்பத்துக்கு மருமகளாகப் போன தென்னாட்டுப் பெண், இருட்டான சமையலறையிலிருந்து மலை தெரியும்படி கொஞ்சம் மாற்றிக் கட்டலாமே என்கிறாள். மாற்றம் நடக்கிறது: மலை தெரிகிற பக்கத்தில் துணி உலர்த்தக் கொடி கட்டுகிறார்கள். அவள் கேட்டது ஒரு ஜன்னல் அளவு. 'அம்மா ஒரு கொலை செய்தாள்' கதையில் அம்பை இன்னும் ஒரு படி போகிறார். மகளின் கண்ணில் தேவதையாக இருந்த அம்மா, பாரம் என்று சொல்லி ஒரே வாக்கியத்தில் அவளைச் சாய்த்துவிடுகிறாள். பெண்களை வலுவாக எழுத வேண்டும் என்று புறப்படுகிறவர்கள் பெண்களின் கொடுமையை எழுத அஞ்சுகிறார்கள். அம்பை அஞ்சவில்லை.

இதிலிருந்து, பெண்ணைப் பெண்தான் எழுத வேண்டும் என்று முடிவுகட்ட முடியாது. மேலே சொன்னவர்களில் பெரும்பாலோரை எழுதியவர்கள் ஆண்கள். ஆனால் யார் எழுதுகிறார்கள் என்பதால் சில விவரங்கள் மாறும். தன் நாவலையே 'மிஸ் கமலா' (1936) என்று படமாக்கிய டி.பி. ராஜலட்சுமிக்குப் பிறகு, தமிழில் பெண் இயக்குநர்களை விரல்விட்டே எண்ண வேண்டியிருந்தது. சுதா கொங்கராவின் 'சூரரைப் போற்று' (2020) நாயகன் கதைதான். ஆனாலும் பொம்மிக்கு ஒரு பேக்கரி இருக்கிறது, அந்த வியாபாரத்தில் அவளுக்குக் கவலையும் கணக்கும் இருக்கிறது. நாயகியின் கல்லாப் பெட்டியை நம் படங்களில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்?

அண்மையில் எனக்கு நம்பிக்கை தந்த இரண்டு பேரையும் எழுதியவர்கள் ஆண்களே. கௌதம் ராமச்சந்திரனின் 'கார்கி' (2022) நாயகி, சிறுமியைச் சீரழித்த வழக்கில் சிக்கிய அப்பா நிரபராதி என்று நம்பி, எல்லோரையும் எதிர்த்துப் போராடுகிறாள். நாமும் அவளோடு ஓடுகிறோம். பிறகு தெரிகிறது, அவள் நம்பியது பொய். அப்பாவைத் தன் கையாலேயே சட்டத்திடம் ஒப்படைக்கிறாள். இவ்வளவு பெரிய தவறைச் செய்ய நம் நாயகிகளுக்கு அனுமதி கிடைப்பதே அரிது. சரியாகவே நடக்க வேண்டியவர்களாக அவர்களை வைத்திருக்கிறோம்.

பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' (2024) மீனா பேசுவதே கிட்டத்தட்ட இல்லை. வேறு சாதிப் பையனை விரும்பியவள், முறைமாமனைக் கட்டிக்கொள்ள மறுக்கிறாள். பேய் பிடித்திருக்கிறது என்று சாமியாடியிடம் கூட்டிப் போகிறார்கள். பேசாத பெண்ணைப் பலசாலி என்பது பழைய பொறுமைப் புராணத்துக்கே நம்மைத் திருப்பிக் கொண்டுபோகாதா என்று கேட்கலாம். நானும் முதல் அரைமணி நேரம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மீனா எதையும் தாங்கிக்கொண்டிருக்கவில்லை, விட்டுக்கொடுக்காமல் இருக்கிறாள். ஷேர் ஆட்டோவில் அம்மாவும் அத்தையும் சேவலும், முன்னும் பின்னும் பைக்கில் ஆண்கள். வழியெல்லாம் சண்டை, அடி, சமாதானம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வருகிறாள். அவள் மனதில் இருப்பதை மாற்றுவதற்காக அத்தனை பேரும் வெயிலில் அவ்வளவு தூரம் போய்க்கொண்டிருக்கிறார்கள்.